துணியைக் கொண்டு பிளேக்கை வென்ற டாக்டர்

1910-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியா பகுதி. ஹார்பின் நகர ரெயில் நிலையத்தில் ஓர் இளம் டாக்டர் வந்து இறங்கினார். உடலை உறைய வைக்கும் குளிர். அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. துணைக்கு ஒரு மாணவர் வந்திருந்தார்.

ஊரில் கொள்ளை நோய் தலைவிரித்து ஆடியது. முதலில் காய்ச்சல் வரும். பிறகு இருமல். இருமலில் ரத்தம் வரும். அவ்வளவுதான். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நோய் கண்டவர்களில் பிழைத்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம்.

அந்த நோயை ஒழிக்கச் சீன அரசாங்கம் அனுப்பிய டாக்டரின் பெயர் வூ லியன் டே. அப்போது அவருக்கு வயது 31.

பினாங்கில் பிறந்தவர்

வூ பிறந்தது சீனாவில் அல்ல. மலாயாவில் உள்ள பினாங்கில். ஆண்டு 1879. தந்தை சீனாவில் இருந்து வந்து குடியேறியவர். நகை செய்யும் தொழிலாளி. மகன் படிப்பில் கெட்டிக்காரர். உபகாரச் சம்பளம் பெற்று, 17-வது வயதில் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்தார். பிறகு சீனாவில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பணி ஏற்றார்.

மூச்சில் வந்த எமன்

ஹார்பினில் இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை வூ பரிசோதனை செய்தார். பிணத்தை அறுப்பது அந்நாட்டு வழக்கத்துக்கு விரோதம். ஆகவே, யாருக்கும் தெரியாமல் செய்தார். நுரையீரலில் பிளேக் கிருமிகள் இருந்தன.

பிளேக் என்றால் எலி. எலி மேல் உள்ள தெள்ளுப்பூச்சி கடித்தால் நோய். அப்படித்தான் டாக்டர்கள் எண்ணினார்கள். இது வேறு வகை என்று வூ கண்டார். நோயாளி இருமினால் போதும். எச்சில் துளியோடு கிருமி அடுத்தவர் மூச்சில் புகுந்துவிடும்.

இதற்கு அன்று மருந்து கிடையாது. வராமல் தடுப்பதுதான் ஒரே வழி. மெல்லிய துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, ஒரு முகமூடி செய்தார் வூ. மூக்கையும் வாயையும் மூடி, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடவேண்டும். செலவு மிகக் குறைவு.

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் இதை ஏற்கவில்லை. அவர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இளைஞர் சொல்வதைக் கேட்பதா என்று கோபம் கொண்டார். முகமூடி இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். சில நாட்களில் அவருக்கே நோய் கண்டது. 1911 ஜனவரி 11-ந் தேதி இறந்தார்.

ஊரே நடுங்கிவிட்டது. அதன் பிறகு தெருவில் முகமூடி இல்லாதவர் அபூர்வம். சிலர் மட்டும் அதைத் தாயத்துப் போலக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொண்டு திரிந்தார்கள்!

2 ஆயிரம் சவப்பெட்டிகள்

நோய் பரவிய பகுதியை வூ நான்காகப் பிரித்தார். ஒரு பகுதியில் இருந்து மறு பகுதிக்குப் போக அனுமதி வேண்டும். நோயாளியுடன் பழகியவர்களைத் தனியே வைக்க இடம் இல்லை. ரஷியர்களிடம் ரெயில் பெட்டிகளை வாங்கி, அவற்றில் தங்க வைத்தார்.

இன்னும் ஒரு பெரிய தொல்லை இருந்தது. தரை பனியில் பாறையாக இறுகிவிட்டதால் குழி தோண்ட முடியவில்லை. 2 ஆயிரத்துக்கும் அதிகமான சவப்பெட்டிகள் வெட்டவெளியில் கிடந்தன. எரித்துவிட வேண்டும் என்றார் வூ. ஆனால், முன்னோரைத் தெய்வமாக வணங்குகிறவர்கள் சீனர்கள். பெற்றவர்களின் உடலுக்குத் தீ வைப்பது பெரும் பாவம் என்று கருதினார்கள். வூ அதிகாரிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் நேரில் அழைத்துப் போய்க் காட்டினார். கண்டவர்கள் மனம் மாறினார்கள். அரசாங்கம் அனுமதி தந்தது. ஜனவரி 31-ந் தேதி உடல்கள் எரிக்கப்பட்டன.

சாவு குறையத் தொடங்கியது. மார்ச் முதல் தேதியோடு ஹார்பினில் நோய் ஒழிந்தது. அதற்குள் மஞ்சூரியாவில் சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டிருந்தார்கள்.

பிறகு வூவின் புகழ் உலகெங்கும் பரவியது. 1935-ம் ஆண்டு நோபல் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. ஆனால் பரிசு கிடைக்கவில்லை. 1937-ல் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்தார். 1960-ல், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார். வயது 80.

அவர் மறைந்து 60 ஆண்டுகள் சென்றன. 2020-ல் கொரோனா வந்தது. அப்போதும் தடுப்பு ஊசி வரும் வரை மக்களுக்குத் துணை நின்றவை மூன்று: முகமூடி, இடைவெளி, கட்டுப்பாடு. வூ காட்டிய அதே வழிதான்!