மனக்கோட்டையும் மணிக்கூடும்

நாவல் எழுத விரும்புவோர் பலர், தொடங்குவோர் சிலர், முடிப்போர் மிகச் சிலர். தொடங்கியதை முடிக்கும் வழியை ஒவ்வொருவரும் தமக்கெனத் தாமே கண்டறிதல் வேண்டும். அவ்வழியை நெடுங்காலம் தேடிக் கண்டு, 47 நாவல்களை உலகிற்கு விட்டுச் சென்றவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி துறொலொப்.

இவர் 1815ஆம் ஆண்டு சித்திரை மாதம் 24ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், கல்வியிற் சிறந்தவராயினும் கடுஞ்சினத்தால் வழக்காளரை இழந்தார், பயிர்த்தொழிலில் இறங்கி எஞ்சிய பொருளையும் இழந்தார். மகன் ஹரோ என்னும் புகழ்பெற்ற கல்லூரியில், விடுதியில் வதியாது நாள்தோறும் வந்து செல்லும் மாணவராகச் சேர்க்கப்பட்டார். சேறு படிந்த வழிகளில் நெடுந்தூரம் நடந்து, அழுக்கேறிய ஆடையுடன் வகுப்பிற்குள் நுழையும் சிறுவனைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எள்ளி நகையாடினர். ஆசிரியரும் அவரை மந்தமதியினர் என்றே எண்ணினர். அக்காலத்தில் அவரோடு பயின்றவருள் ஒருவரே பின்னாளில் இலங்கையின் தேசாதிபதியாக 1872 முதல் 1877 வரை விளங்கிய சேர் வில்லியம் கிறெகரி.

விளையாட்டில் எவரும் சேர்த்துக்கொள்ளாமையால் அச்சிறுவர் தமக்குள்ளே மனக்கோட்டை கட்டத் தொடங்கினார். பிறர் கட்டும் கோட்டை கணத்தில் இடிந்துவிடும். இவரோ ஒரே கதையை வாரக்கணக்காக, மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டு முழுவதும் உள்ளத்தில் வளர்த்து வந்தார். நடக்கவொண்ணாத எதையும் அதனுட் புகுத்துவதில்லை என்று தமக்குத் தாமே விதியும் வகுத்துக்கொண்டார். கதைத் தலைவர் அவரேயாயினும், அரசராகவோ பிரபுவாகவோ தம்மைக் கற்பனை செய்தாரல்லர். நாவலுக்கு வேண்டிய முதற்பயிற்சி இதுவென்பதை அவர் அன்று அறியார்.

குடும்பத்தைக் காத்தவர் அன்னையார் பிரான்செஸ். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதத் தொடங்கிய அவ்வம்மையார், வைகறை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டார் விழிக்குமுன் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். கடனுக்கு அஞ்சிக் குடும்பம் 1834இல் பெல்ஜியத்திற்குச் சென்றது. அங்கே நோயுற்ற மகனுக்கும் கணவருக்கும் மருந்தூட்டிக்கொண்டே அவர் நூல்களை எழுதினார். இருவரும் இறந்தனர், எழுத்து நிற்கவில்லை.

அதே 1834இல் அந்தனி ஆண்டுக்கு 90 பவுண் சம்பளத்தில் இலண்டன் தபாற்கந்தோரில் இலிகிதரானார். ஏழாண்டுகள் கடனிலும் மேலதிகாரிகளின் கண்டனத்திலும் கழிந்தன. நாவல் எழுதும் எண்ணம் இருந்தது. ஒரு வரியும் எழுந்திலது. 1841இல் அயர்லாந்திற்கு மாற்றம் பெற்றார். அங்கே ஊரூராகச் சென்று தபாற் கணக்குகளைப் பரிசோதிக்கும் பணியில் அவர் புதுமனிதரானார். 1843இல் நண்பரொருவருடன் உலாவும்போது பாழடைந்த மாளிகையொன்றைக் கண்டார். அதில் வாழ்ந்து அழிந்த குடும்பத்தின் கதையொன்று அவருள்ளத்தில் உருவாயிற்று. அதுவே அவரது முதல் நாவல்.

ஆயினும் எழுதும் முறை இன்னும் கைவரவில்லை. 1844இல் திருமணம் நிகழ்ந்தபோது மூன்று பாகங்களில் முதற் பாகமே முடிந்திருந்தது, நூல் நிறைவெய்தியது 1845இல், வெளிவந்தது 1847இல். அதனால் அவருக்கு ஒரு காசும் கிடைத்திலது. அடுத்த நாவல் 375 பிரதிகள் அச்சாகி 140 மட்டுமே விலைபோயிற்று. வேறொருவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

வழி புலப்பட்டது பார்செஸ்ரர் கோபுரங்கள் என்னும் நாவலை எழுதுங் காலத்திலேயே. உத்தியோகத்தின் பொருட்டுப் புகையிரதத்தில் நெடும்பொழுது செல்லவேண்டியிருந்தது. சிறு எழுதுபலகையொன்றைச் செய்வித்து, ஓடும் வண்டியிலே பென்சிலால் எழுதினார். மனைவியார் ரோஸ் அதனைச் செம்மையாகப் பிரதி செய்தார். எழுதும் பக்கங்களை நாள்தோறும் பதிவேட்டிற் குறித்து வந்தார். வெற்றுநாள் ஒன்று நேர்ந்தால் அந்த ஏடே அவரைக் கண்டித்தது. அந்நூல் 1857இல் வெளிவந்து புகழ் தேடித் தந்தது.

பின்னர் அன்னையாரின் வைகறையும் அவருக்கு உரித்தாயிற்று. தம்மை எழுப்பும் பொருட்டே வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்து, காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். முதல் அரைமணி முன்னாள் எழுதியதைப் படிப்பதிற் செல்லும். பின்னர் மணிக்கூட்டை முன்வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். காலையுணவிற்குமுன் அன்றைய எழுத்து முடிந்துவிடும். அதன்பின் உத்தியோகக் கடமை. 1867 வரை அவர் தபாற் சேவையை விட்டாரல்லர்.

அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் 1875இல் அவர் இலங்கைக்கும் வந்தார். அழுக்காடைச் சிறுவராக ஹரோவில் ஒதுங்கியிருந்தவர், பழைய பள்ளித்தோழர் ஆண்ட தீவில் உலகறிந்த எழுத்தாளராகக் கால்வைத்தார்.

1882 மார்கழி 6ஆம் நாள் அவர் காலமானார். மறு ஆண்டில் வெளிவந்த அவரது தன்வரலாறு மணிக்கூட்டு இரகசியத்தை வெளியிட்டது. கலை தெய்வ அருளால் வருவது என்று கருதியோர் முகஞ்சுளித்தனர்; அவர் புகழும் சிலகாலம் மங்கிற்று. ஆனால் அவர் நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.

முகஞ்சுளித்தோர் ஒன்றை மறந்தனர். ஹரோவில் மனக்கோட்டை இருந்தது, நூல் பிறக்கவில்லை. இலண்டன் கந்தோரில் மணிக்கூடு இருந்தது, அப்போதும் பிறக்கவில்லை. இரண்டும் ஓரிடத்திற் கூடியபோதே பிறந்தது. ஆதலின், எழுதப் புகும் நம் கல்லூரி இளைஞர் அவருடைய 250 சொற்களைக் கடன்வாங்க வேண்டியதில்லை. சிறுவயதின் துயரம், தாயின் வழக்கம், வயிற்றுப்பிழைப்பின் ஒழுங்கு ஆகிய தம் வாழ்வின் பொருள்களைக் கொண்டே அவர் தம் முறையை அமைத்தார். அத்தகைய பொருள்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள.