சிசேரியனா, சுகப்பிரசவமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ் யார்?

சிங்கப்பூரில் காரில் போயிருக்கிறீர்களா? மரினா பே கட்டடங்களுக்குப் பக்கத்தில் உயர்ந்து வளைந்து செல்லும் நீண்ட பாலம் ஒன்று வரும். அதன் பெயர் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம். பெயரைத் தேடிப் பார்த்தால் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் என்று வரும். பலருக்கு அதோடு சரி.

ஆனால் அதிபர் பதவிக்கு வருவதற்கு முன்பு சுமார் நாற்பது ஆண்டுகள் அவர் மருத்துவராக இருந்தார். அதில் பெரும்பகுதி பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் கழிந்தது. அங்கே அவர் கொண்டுவந்த ஒரு மாற்றம், இன்றைக்கு ஜொகூரில் நிறைமாதமாக இருக்கும் ஒரு பெண்ணின் முடிவோடு நேரடியாகத் தொடர்புடையது.

முதல் குழந்தை சிசேரியன், இப்போது இரண்டாவது என்றால், எட்டு மாதம் தாண்டியதும் டாக்டர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். இந்த முறையும் ஆபரேஷனா, இல்லை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்க்கிறீர்களா என்று. இப்படிக் கேட்க முடிவதற்கே ஒரு காரணம் இருக்கிறது: முதல் ஆபரேஷனில் கர்ப்பப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதுதான் அது. நம் வட்டாரத்தில் அந்த இடத்தை மாற்றிய முன்னோடி ஷியர்ஸ்.

எங்கிருந்து வந்தார்?

பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸ் 1907 ஆகஸ்ட் 12 அன்று சிங்கப்பூரில் ஒரு யுரேஷியக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பெரிய வசதி இல்லை. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்து, 1923-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1929-ல் டாக்டராக வெளியே வந்தார்.

அந்தக் கல்லூரி சிங்கப்பூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. கோலாலம்பூரில் 1960-களில் மருத்துவப் படிப்பு தொடங்கும்வரை மலாயா முழுவதற்கும் அதுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே படித்தவர்கள்தான் மலாயாவின் மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே சொல்லிக் கொடுக்கப்பட்ட முறை ஜொகூர் பாலத்தைத் தாண்டியும் வந்தது.

1931-ல் ஷியர்ஸ் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்கு வந்தார். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். நம் மக்கள் தேக்கா என்று சொல்லும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1924 அக்டோபரில் 30 படுக்கைகளோடு அது இலவச மகப்பேறு மருத்துவமனையாக மாறியது. ஜொகூர் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். இப்போது அதன் பெயர் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை.

ஒன்றை மனதில் வையுங்கள். அது காலனி ஆட்சிக் காலம். உள்ளூரில் படித்த டாக்டர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், மேல் பதவிகளில் பிரிட்டிஷ்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டனில் மேற்படிப்புக்கு ஷியர்ஸுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் போர் வந்ததால் அந்தப் பயணம் தள்ளிப்போனது.

அப்போது சிசேரியன் என்றால் ஏன் அவ்வளவு பயம்?

கர்ப்பப்பையைக் கவிழ்த்து வைத்த ஒரு சொம்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் அகலமான பகுதி தடித்த தசை. பிரசவ வலியின்போது சுருங்கிச் சுருங்கிக் குழந்தையைக் கீழே தள்ளுவது அதுதான். கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப்பகுதி மெல்லியது. அது கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் நன்றாக விரிந்து உருவாகிறது.

பழைய முறை சிசேரியனில் அந்தத் தடித்த மேல்பகுதியை மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். சீக்கிரம் குழந்தையை எடுத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் தசை தடிப்பாக இருப்பதால் இரத்தம் அதிகம் போகும். கர்ப்பப்பைக்குள் கிருமித்தொற்று இருந்தால் அது காயத்தின் வழியாக வயிற்றுக்குள் பரவும். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் சாதாரணமாகக் கிடைக்காத காலத்தில், அந்தத் தொற்று பல தாய்மார்களின் உயிரை எடுத்தது.

பிழைத்து வந்தாலும் இன்னொரு ஆபத்து காத்திருந்தது. அடுத்த கர்ப்பத்தில் வலி வரும்போது, சுருங்கி வேலை செய்வது தையல் போட்ட அதே தசைதான். தழும்பு பிரிந்து கர்ப்பப்பை கிழியலாம். சில சமயம் வலி தொடங்கும் முன்பே கிழிந்துவிடும். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியது இதனால்தான்.

அதனால் டாக்டர்கள் முடிந்தவரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். நாள்கணக்கில் வலியோடு போராடி, குழந்தை சிக்கிக்கொண்ட பிறகுதான் பல பெண்களுக்கு அது நடந்தது. அதற்குள் தொற்று வந்துவிடும். தாமதமே ஆபத்தைக் கூட்டியது.

போர் நேரத்தில் என்ன நடந்தது?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளை நம் தாத்தா பாட்டி தலைமுறை எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோன காலம் அது. அரிசி இல்லை, மருந்து இல்லை.

பிரிட்டிஷ் டாக்டர்கள் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மருத்துவமனைகளின் பொறுப்பு உள்ளூர் டாக்டர்கள் தலையில் விழுந்தது. கண்டாங் கெர்பாவில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவின் தலைவரானார் ஷியர்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட இல்லை.

அந்த ஆண்டுகளில்தான் அவர் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டும் சிசேரியன் முறையைச் சிங்கப்பூரில் முன்னின்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இதைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் கெரர் 1881-லேயே இப்படிச் செய்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர் 1920-களில் இதை வலியுறுத்தி எழுதினார். ஆனால் மருத்துவ உலகம் மெதுவாகத்தான் மாறிக்கொண்டிருந்தது. மருந்துத் தட்டுப்பாடு இருந்த ஒரு நகரத்தில், பழகிய முறையை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வது சின்ன முடிவல்ல.

என்ன வித்தியாசம்?

முதலாவது, கீழ்ப்பகுதி மெல்லியது. அதனால் இரத்த இழப்பு குறைவு. இரண்டாவது, அந்த இடத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைக் கீழே இறக்கிவிட்டு வெட்டி, பிறகு அதே சவ்வைக் காயத்தின் மேல் போர்த்தித் தைத்தார்கள். கிருமி வயிற்றுக்குள் பரவுவதற்கு அது ஒரு தடுப்பு. மூன்றாவது, வலி வரும்போது கீழ்ப்பகுதி மேல்பகுதி அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனால் தழும்பு நன்றாக ஆறும், அடுத்த பிரசவத்தில் பிரியும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

தாய்மார்களின் இறப்பும் ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. நாளடைவில் பழைய முறை வழக்கொழிந்தது. இன்று நீங்கள் கேள்விப்படும் சிசேரியன்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கீழ்ப்பகுதி முறைதான்.

போருக்குப் பிறகு

தள்ளிப்போன படிப்புக்காக 1947-ல் லண்டன் போனார். 1948-ல் பிரிட்டனின் மகப்பேறு நிபுணர்கள் கழகத்தின் உறுப்பினர் தகுதியைப் பெற்றார். சிங்கப்பூரிலிருந்து அதைப் பெற்ற முதல் மகப்பேறு மருத்துவர் அவர்தான். 1949-ல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானது. 1950-ல் அங்கே மகப்பேறு, மகளிர் மருத்துவப் பேராசிரியரானார். பிரிட்டிஷ்காரர்களின் நாற்காலியாக இருந்த இடத்தில் ஓர் உள்ளூர்க்காரர் உட்கார்ந்தார்.

1960 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர்களின் பட்டியலில் நமக்குத் தெரிந்த பெயர்கள் உண்டு. மலேசியாவின் முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீர் ஒருவர். அவருடைய மனைவி டாக்டர் சித்தி ஹஸ்மா இன்னொருவர். 1955-ல் பட்டம் பெற்ற சித்தி ஹஸ்மா பின்னர் கெடாவில் தாய்சேய் நலப் பணியில் பல ஆண்டுகள் இருந்தார்.

பிறவியிலேயே பெண்ணுறுப்புப் பாதை உருவாகாத பெண்களுக்காக ஷியர்ஸ் வகுத்த அறுவைச் சிகிச்சை முறை ஒன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1960-ல் ஓய்வுபெற்று தனியாகப் பிராக்டிஸ் செய்தார். 1966-ல் கண்டாங் கெர்பாவில் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்தன. 30 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடம் உலக சாதனைப் புத்தகத்துக்குப் போனது.

முதல் அதிபர் யூசோஃப் இஷாக் 1970 நவம்பரில் காலமானார். 1971 ஜனவரி 2 அன்று ஷியர்ஸ் அதிபரானார். பதவியில் இருக்கும்போதே 1981 மே 12 அன்று, 73 வயதில் காலமானார். அதே ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்துக்குத்தான் அவர் பெயரை வைத்தார்கள்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

முன்பு கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு சிசேரியன் நடந்த பெண்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், நாலில் மூன்று பேர் அளவுக்கு வெற்றி கிடைக்கிறது. கர்ப்பப்பைத் தழும்பு பிரியும் ஆபத்து 200 பேரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பிரிட்டனின் மகப்பேறு நிபுணர்கள் கழகம் தரும் கணக்கு இது. முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வெற்றி வாய்ப்பு இன்னும் கூடும். மருந்து கொடுத்து வலி வரவைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடும். பழைய மேல்பகுதி வெட்டாக இருந்தால் அந்த ஆபத்து 100-ல் 2 முதல் 9 வரை போகலாம். அவர்களுக்குச் சுகப்பிரசவ முயற்சியே வேண்டாம் என்பார்கள்.

200-ல் ஒன்று குறைவுதான். ஆனால் அந்த ஒன்று நடந்தால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் தேவைப்படும். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

மறுபடியும் ஆபரேஷன்தான் என்று முடிவெடுத்தாலும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. மூன்று, நான்கு குழந்தைகள் வேண்டும் என்று நினைத்தால் இதை இப்போதே யோசிக்க வேண்டும். அவசரக் காரணம் எதுவும் இல்லையென்றால், தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் பொதுவாக 39 வாரம் ஆன பிறகுதான். நல்ல நாள் பார்த்து அதற்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ சுகப்பிரசவம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அங்கே சிசேரியன்தான் உயிரைக் காக்கிறது.

36 வாரத்துக்குள் முடிவுக்கு வருவது நல்லது. அதற்கு முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

– என் கர்ப்பப்பையில் வெட்டியது கீழ்ப்பகுதியிலா, மேல்பகுதியிலா?
– முதல் தடவை எதனால் ஆபரேஷன் செய்தார்கள்? அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா?
– நான் பிரசவிக்கப் போகும் மருத்துவமனையில் நடுராத்திரியிலும் உடனே ஆபரேஷன் செய்ய முடியுமா?
– குறித்த தேதிக்குள் வலி வராவிட்டால் அடுத்து என்ன?

முதல் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எங்கே வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே படுக்கைக் கோடாக இருந்தாலும் உள்ளே செங்குத்தாக வெட்டியிருக்கலாம். குறைமாதத்தில் எடுத்த குழந்தை என்றால் அப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது, ஏன்னா அப்போது கீழ்ப்பகுதி சரியாக உருவாகியிருக்காது. முதல் ஆபரேஷனின் குறிப்பில்தான் பதில் இருக்கும்.

முதல் குழந்தை வேறு மாநிலத்திலோ, தனியார் மருத்துவமனையிலோ, சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் அந்தக் குறிப்பு இப்போது உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் இல்லாமல் போகலாம். வேலைக்காகப் பாலத்தைத் தாண்டிப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த ஜொகூரில் இது சாதாரணம். அதனால் அடுத்த செக்அப்புக்கு முன்பே பழைய மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி, கர்ப்பகாலப் புத்தகத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.

உலக அளவில் இன்று ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்கு மேல் சிசேரியன் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஷியர்ஸ் டாக்டரான காலத்தில் கடைசி நேரத்தில் மட்டும் துணிந்து செய்த ஆபரேஷன் இது. இப்போது அது பாதுகாப்பானது என்பதாலேயே, யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். ஆபரேஷன் என்று முடிவானாலும் சரி, நார்மல் என்று முடிவானாலும் சரி, அது உங்கள் தழும்பின் விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.