யோசேப்பு என்னும் பெயர்

சுன்னாகம் சந்தையில் நின்று யோசேப்பு என்று ஒருமுறை அழைத்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பர்! ஒருவர் யோசப், ஒருவர் ஜோசப், மூத்தவர் சூசைப்பிள்ளை. எல்லாம் ஒரே பெயரே. எபிரேயத்தில் அதன் முதலெழுத்து யகர ஒலியுடையது. போர்த்துக்கேயர் வாயில் அது திரிந்தது. அதைக் கேட்ட நம் முன்னோர் சூசை என்றனர். ஜகரமோ ஆங்கிலத்தின் வழி வந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தார் யகரமிட்டு எழுதுவது மூலத்துக்கு நெருங்கியதே. குமாரசுவாமிப் புலவரின் ஊரில் எழுத்தைப் பற்றி இவ்வளவேனும் பேசாதிருக்கலாமா?

பெயரின் பொருள், அவர் மேலும் தருவாராக என்பதாகும். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய ராகேல், தலைமகனை ஈன்றதும் இன்னுமொரு மகனை ஆண்டவரிடம் வேண்டினாள். அவ்வேண்டுதலையே பிள்ளைக்குப் பெயராக இட்டாள் என்று தொடக்கநூல் கூறுகிறது.

1651ஆம் ஆண்டு கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்த ஒரு குழந்தைக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. அவரே நம் யோசவ் வாஸ் அடிகளார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியிருந்தனர். முப்பது ஆண்டுகளாகத் திருப்பலியின்றித் தவித்த மக்களிடம், 1687இல், அடிகளார் ஏழையின் கோலத்தில் வந்தார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். தேறியபின் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யாரோ, அவரே அவர் தேடிய கத்தோலிக்கர்.

சுன்னாகத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். நத்தார் இரவொன்றில் ஒல்லாந்தர் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டவர்களோ கசையடியும் சிறையும் பெற்றனர். அவர்களின் துன்பத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

பின்னர் புத்தளம் வழியாக அவர் கண்டிக்குச் சென்றார். 1692இல் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் அங்கே சிறைவைக்கப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் இத்தீவில் தனியொரு குருவாக உழைத்தார். 1696இல் கோவாவிலிருந்து துணைக்கு வந்த குருக்களில் இருவரின் பெயரைக் கேளுங்கள்: யோசவ் மெனேசஸ், யோசவ் கர்வாலோ. கோவாவில் அப்பெயர் சாதாரணம் என்பீர்கள். உண்மைதான். ஆயினும் ராகேல் கேட்டது இன்னும் ஒருவரை. இங்கே கிடைத்தவரோ இருவர்!

மறு ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவி, பிணியாளரை உறவினரே கைவிட்டு ஓடினர். அடிகளாரும் கர்வாலோ அடிகளும் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர். இறந்தோரைத் தம் கைகளால் அடக்கம் செய்தனர்.

1711 சனவரி 16 அன்று யோசவ் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.