பூசையறைக்குத் தெய்வங்களைக் கொணர்ந்த ஓவியர் இராஜா இரவிவர்மா

தாமரையில் நின்றருளும் திருமகள், வீணையேந்திய கலைமகள் ஆகிய இவ்விரு படங்களும் இல்லாத பூசையறையைக் காண்பது அரிது. செலண்டார் வட்டாரத் தோட்டப்புற லயன் வீடுகளில் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டிட்டு, மாலை சாற்றி வைக்கப்பட்ட தெய்வப் படங்கள் பலவும் ஒருவரின் தூரிகை வகுத்த பாதையில் வந்தவையே. அவர்தாம் இராஜா இரவிவர்மா.

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் 29.4.1848இல் பிறந்தவர் அவர். கரித்துண்டால் சுவரெங்கும் உருவங்கள் தீட்டிய பிள்ளையை அதட்டாமல், அக்கோடுகளில் இருந்த உயிர்ப்பைக் கண்டுகொண்டவர் தாய்மாமன் இராஜராஜ வர்மா. தாமும் ஓவியரான அம்மாமன், 1862இல் மருமகனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்ப்பித்தார்.

நீர்வண்ணம் விரைவில் கைவந்தது. தைலவண்ணமோ எளிதில் வாய்க்கவில்லை. அரசவை ஓவியரான மதுரை இராமசாமி நாயுடு அவ்வித்தையைக் கற்பிக்க உடன்படவில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சில நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்ததைக் கொண்டே வண்ணங்களைக் குழைத்தும், கெடுத்தும், மீண்டும் குழைத்தும் தேர்ந்தார் இரவிவர்மா. குருவருளை இவ்வளவு குறைவாகப் பெற்று இவ்வளவு உயர்ந்தவர்கள் சிலரே.

1873இல் வியன்னா கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது. அதன்பின் அரசர்களும் ஆங்கில அதிகாரிகளும் அவரைத் தேடி வந்தனர். 1888இல் பரோடா மன்னர் புராணக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்களைக் கேட்டபோது, தம்பி இராஜராஜ வர்மாவுடன் வடநாடெங்கும் பயணம் செய்து உடை, அணிகலன் வழக்கங்களை ஆராய்ந்தார். இறுதியில் புராண மாந்தருக்குப் பெரும்பாலும் புடவையையே உடுத்தினார். இன்று தெய்வத்தைத் தம் வீட்டுத் தாயின் சாயலில் காணும் வழக்கத்திற்கு அம்முடிவும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் அவ்வோவியங்கள் அரண்மனைச் சுவர்களுக்கே உரியவையாயின. அக்காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய இயலாது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல்தான். அதற்கு 42 ஆண்டுகள் முன்னதாக, 1894இல், இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். தம் ஓவியங்களைப் படியெடுத்துப் பரப்பும்படி சர் டி. மாதவராவ் முன்னரே யோசனை கூறியிருந்தார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில்நுட்பர்களும் வந்தனர். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் உருவம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் கல்லச்சு முறை அது. ஒரு கல் மயிரிழை விலகினாலும் அம்பிகையின் திருமுகம் சிதைந்துவிடும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்புக் காட்சி. தொடர்ந்து திருமகளும் கலைமகளும் எளியோர் வாங்கக்கூடிய விலையில் இல்லந்தோறும் எழுந்தருளினர். கோயிற்கதவு அடைபட்டவனின் குடிசைக்கும் அம்பாள் வந்தாள்.

ஓவியருக்கு மட்டும் அதனால் செல்வம் சேரவில்லை. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது, கடன் பெருகியது. 1899இல் லோனாவ்லா அருகிலுள்ள மலவ்லிக்கு அச்சகத்தை மாற்றியும் பயனில்லை. 1901இல், தம்மிடம் பணிபுரிந்த ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைக்கருக்கே அதனை விற்றார்.

மலிவான அச்சுப்படங்களால் கலையின் தரம் தாழ்ந்தது என்று பின்னாளில் சிலர் குறை கூறினர். வெள்ளிக்கிழமை விளக்கின்முன் கைகூப்பி நிற்கும் தாய்மார்களிடம் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

1905 தொடக்கத்தில் தம்பி மறைந்தார். பயணங்களில் துணையாகவும், ஓவியங்களின் பின்னணி இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் கையாகவும் இருந்தவர் அவர். நீரிழிவால் நலிந்த நிலையிலும் மைசூர் அரண்மனைக்காக ஒப்புக்கொண்ட ஒன்பது புராண ஓவியங்களை இரவிவர்மா தீட்டினார். 2.10.1906 அன்று கிளிமானூரில் காலமானார்.

அச்சகம் அவர் பெயரிலேயே தொடர்ந்து நடந்து, 1972இல் தீக்கிரையானது. அதற்குள் அத்திருமகள் பல அச்சகங்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் இடம்பெயர்ந்து, வரைந்தவர் பெயர் அறியாத வீடுகளிலும் விளக்கொளி பெற்றுவிட்டாள்.