அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி (ரஹ்)



அறுவை மருத்துவம் பயிலும் மாணவனின் கையில் கத்தியை எப்போது கொடுப்பது? உரிய காலத்திற்கு முன்பே கொடுத்தால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து. கொடுக்காமலே இருந்தால் அவன் ஒருநாளும் மருத்துவனாக மாட்டான். இன்றும் மருத்துவ உலகம் விவாதிக்கும் இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள்.

முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான குர்துபாவுக்கு அருகில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா நகரின் பெயராலேயே இவர் அறியப்படுகிறார். கி.பி. 936 வாக்கில் பிறந்து 1013 வாக்கில் மறைந்த இப்பெருமகனார் அன்ஸாரிகளின் வழித்தோன்றல் ஆவார். நீண்டகால அனுபவத்தின் கனியாக, கி.பி. 1000 வாக்கில், முப்பது பாகங்கள் கொண்ட 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தை நிறைவு செய்தார். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியதாகும்.

தம் நாட்டில் இக்கலை ஏறக்குறைய அழிந்துவிட்டதைக் கண்டு அவர் வருந்தினார். உடற்கூற்றைக் கல்லாதவன் கத்தியைத் தொடலாகாது என்பது அவருடைய முதல் விதி. இவ்விதியை மீறியோரால் நேர்ந்த மரணங்களை அவர் மறைக்கவில்லை. ஒரு மருத்துவர் பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியைக் கீறியபோது இரத்தக் குழாய்களை அறுத்துவிட, அவள் அவர் கைகளிலேயே உயிர் நீத்தாள். மற்றொருவர் முதியவர் ஒருவரின் பெரிய சிறுநீர்ப்பைக் கல்லை, பையின் ஒரு பகுதியோடு சேர்த்து எடுத்துவிட, நோயாளி மூன்று நாட்களில் மரணமடைந்தார். அதே நோயாளியைப் பார்க்க முன்னர் அழைக்கப்பட்டிருந்த அல்-ஸஹ்ராவி அவர்களோ, கல்லின் அளவையும் நோயாளியின் நிலையையும் கண்டு, இவர் பிழைக்கமாட்டார் என்று கணித்திருந்தார். கத்தியை எடுக்காதிருப்பதும் மருத்துவனின் கடமைகளுள் ஒன்று என்பதை மாணவர்கள் இதிலிருந்து கற்றனர்.

மாணவர்களைத் தம் மக்களாகவே விளித்து எழுதிய அவர், அறுவைகளைப் பாதுகாப்பானவை, ஆபத்தானவை என இரண்டாகப் பிரித்து, எதில் துணியலாம், எதில் ஒதுங்க வேண்டும் என எச்சரித்தார். ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் அந்நூல் மாணவனைக் கண்காணித்தது.

எனினும் அவர் மாணவர்களை அச்சத்தில் நிறுத்திவிடவில்லை. மூச்சுக்குழாயைக் கீறும் சிகிச்சையைத் தம் நாட்டில் எவரும் செய்து அவர் கண்டதில்லை. ஒருமுறை, தன் தொண்டையைத் தானே அறுத்துக்கொண்ட பணிப்பெண்ணிடம் அழைக்கப்பட்டார். பெரிய இரத்தக் குழாய்கள் அறுபடவில்லை. காயத்தின் வழியே மூச்சுக் காற்று வெளிவந்தது. விரைந்து தையலிட்டார். அவள் நலம் பெற்றாள். குரலில் கரகரப்பு மட்டுமே எஞ்சியது. இச்சிகிச்சை அஞ்சத்தக்கதன்று என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்நேரடி அனுபவத்தால்தான். அறிவும் அவதானிப்பும் முதிர்ந்தபின் வருவதே மெய்யான சுதந்திரம்.

12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு அறுவை மருத்துவப் பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைப் பயின்றனர்.

மருத்துவம் அறியாது சிகிச்சை செய்பவர் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது நபிகளார் (ஸல்) காட்டிய நெறி. மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் ஆசிரியரின் கண்டிப்பைச் சுமையாகக் கருதாமல், தன்னம்பிக்கையையும் இழக்காமல் வளர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.