குமாரன் ஆசானின் இறுதிப் பயணம்

கழக்கூட்டத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் மங்கலபுரத்தைக் கடந்தால் தோன்னக்கல் என்னும் ஊர் வரும். மலையாள மகாகவி குமாரன் ஆசான் வாழ்ந்த வீடு அங்கே நினைவிடமாகப் பேணப்படுகிறது. நம்மில் பலர் பேருந்தில் அவ்வழியே பலமுறை சென்றிருப்போம்.

ஆசான் 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் காயிக்கரை என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே ஸ்ரீநாராயண குருவின் மாணவரானார். தமிழிலும் பாடல்கள் இயற்றியவர் அக்குரு. அவருடைய அடியார்கள் இளைஞரான குமாரனைச் சின்னச்சுவாமி என்று அழைத்தனர். டாக்டர் பல்புவின் ஆதரவால் பெங்களூரு சென்ற அவர், பின்னர்க் கல்கத்தாவிலும் வடமொழி பயின்றார். ஆசான் என்னும் சொல் மலையாளத்திலும் ஆசிரியரையே குறிக்கும். நம் மொழிச் சொல்லே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியபோது அதன் முதல் செயலாளரானார். கல்வியும் சம உரிமையும் மறுக்கப்பட்ட மக்களுக்காக எழுதினார். திருவிதாங்கூர் மக்கள் சபையிலும் பேசினார். 1907இல் வெளிவந்த ‘வீணபூவு’ அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. உதிர்ந்து கிடக்கும் ஒரு மலரைக் கண்டு பாடிய சிறு காவியம் அது. சாதிக் கொடுமையைக் கண்டிக்கும் ‘துரவஸ்தா’, ‘சண்டாலபிட்சுகி’ ஆகியவை 1922இலும், ‘கருணா’ 1923இலும் வெளிவந்தன. அவர்தம் ஆற்றல் உச்சத்தில் நின்ற காலம் அது.

அந்நாளில் திருவிதாங்கூரில் நெடும்பயணம் பெரும்பாலும் நீர்வழியாகவே நடந்தது. காயல்களையும் கால்வாய்களையும் இணைத்துப் படகுகள் ஓடின. 1924 ஜனவரி மாதம், தை பிறந்த சில நாள்களில், ஆசான் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்ல ‘ரிடீமர்’ என்னும் படகில் ஏறினார். ரிடீமர் என்பதற்கு மீட்பர் என்று பொருள். அதில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம் இருந்தது. இரவெல்லாம் ஓடிய படகு, 16ஆம் நாள் பொழுது புலருமுன் பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. பயணிகள் பலரோடு ஆசானும் மூழ்கி இறந்தார். அவருக்கு வயது ஐம்பதுதான். மனைவி பானுமதியும் இரு சிறுவர்களான புதல்வர்களும் அவருக்கு இருந்தனர்.

கூட்டம் மிகுந்தால் படகு ஏன் கவிழ்கிறது? சுமை கூடக்கூடப் படகு நீரில் மேலும் அமிழும். விளிம்புக்கும் நீருக்கும் இடையேயுள்ள உயரம் குறையும். மக்கள் நின்றுகொண்டோ மேல்தளத்திலோ பயணம் செய்தால் எடை மேலே குவியும். அந்நிலையில் வளைவில் திரும்பும்போது படகு சற்றே சாய்ந்தாலும், எல்லோரும் ஒரே பக்கம் சரிவர்; மீண்டும் நிமிர அதனால் இயலாது. சாலையில் ஓடும் பேருந்துக்கும் பள்ளி வண்டிக்கும் ஏறக்குறைய இதே இயல்புதான்.

இன்று இதற்குச் சட்டங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் படகுகளின் பாதுகாப்பையும் உயிர்காப்புக் கருவிகளையும் பற்றிப் பேசுகிறது. சாலை வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றப்படும் பயணி ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் மிகையான பயணிகளை இறக்கி, அவர்கள் செல்ல வேறு வண்டி ஏற்பாடு செய்யும்வரை அவ்வண்டி நகரக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. தண்டத்தைவிட இதுவே வலிமையான விதி. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் காரில் இருக்கை வார் அணியாமல் சென்றால், ஓட்டுநரே தண்டம் செலுத்த வேண்டும்.

சட்டங்கள் இருந்தும் துயரங்கள் தொடர்ந்தன. 2002இல் குமரகத்தில் 29 பேரும், 2023 மே 7ஆம் நாள் தானூரில் 22 பேரும் படகு கவிழ்ந்து இறந்தனர். இரண்டிலும் அளவுக்கு மீறிய கூட்டம் இருந்தது.

பல்லனையில் ஆசான் மறைந்த இடம் இப்போது குமாரகோடி என்று வழங்கப்படுகிறது. ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு நினைவிடம் உள்ளது.