ஒரே சாட்சியம், மூன்று தராசு!

எம்.கே.தியாகராஜ பாகவதர்! அந்தப் பெயரைக் கேட்டாலே தமிழ்நாடு மயங்கிய காலம் ஒன்று இருந்தது.

மாயவரத்தில் 1910-ம் ஆண்டு பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். பொற்கொல்லர் மகன். குரலோ பொன்னிலும் மேலானது! 1934-ல் "பவளக்கொடி" படத்தில் நடித்தார். 1944 தீபாவளிக்கு வந்த "ஹரிதாஸ்", சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகரோ சிறையில் இருந்தார்!

கத்திக்குத்து

நடிகர், நடிகைகளின் அந்தரங்கங்களை எழுதி வந்தவர் லட்சுமிகாந்தன். அவருடைய "சினிமா தூது" பத்திரிகையைத் தடுக்கும்படி பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். பத்திரிகை நின்றது. ஆனால் "இந்து நேசன்" பத்திரிகையில் அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

1944 நவம்பர் 8-ந் தேதி வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்ட அவரே போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மனுக் கொடுத்த மூவரையும், வேறு சிலரையும் போலீசார் கைது செய்தனர்.

யாரை நம்புவது?

பாகவதர் கத்தியைத் தொட்டதாக வழக்கு இல்லை. சதி செய்தார் என்பதே குற்றச்சாட்டு. சதி, நாலு சுவருக்குள் நடப்பது. அதற்குச் சாட்சி யார்? சதியில் தானும் இருந்ததாகச் சொன்ன "அப்ரூவர்".

தன் தலையைக் காக்கப் பிறர் தலையைக் காட்டுகிறாரா? அல்லது உண்மையைத்தான் சொல்கிறாரா? வேறு நல்ல சாட்சி துணை நின்றாலொழிய அப்ரூவர் பேச்சை நம்பித் தண்டிப்பது ஆபத்து என்பது கோர்ட்டு மரபு.

ஒன்பது ஜூரர்கள் கேட்டார்கள். ஆறு பேர் நம்பினார்கள்; மூன்று பேர் நம்பவில்லை. 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை! நாயுடு விடுதலையானார்.

அப்பீலை விசாரித்த சென்னை ஐகோர்ட்டு, தண்டனையை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. ஐகோர்ட்டு நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் அதே சாட்சியங்களை மீண்டும் நிறுத்துப் பார்த்தார்கள். நிறை போதவில்லை! 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

மீளாத புகழ்

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பிறகு வந்த "ராஜமுக்தி", "அமரகவி" முதலிய படங்கள் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1-ந் தேதி, 49 வயதில், பாகவதர் காலமானார்.

கொலைக்குப் பின்னால் இருந்தவர் யார்? அது இன்றும் புதிரே. பாகவதருக்கு விடுதலை கிடைத்தது. லட்சுமிகாந்தனுக்கு விடை கிடைக்கவில்லை.